நெடுங்கரைப் பள்ளியின் எல்லைக்கல்

நலம் பெருகுக. வெண்கோட்டு நாடாளும் செழுங்கோ வேந்தரின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சர் பொறையன் சாத்தன், நெடுங்கரைக் காவல் தலைவர் ஏனாதி வேட்டனார்க்கு விடுக்கும் ஓலை. உம் ஏரி வற்றாதிருக்க. உம் மக்கள் பிணி நீங்கி வாழ்க.

நீர் சிறையிலிட்டிருக்கும் கோடனார் கள்வர் அல்லர். நெடுங்கரை அரசப் பள்ளியின் தலைமை ஆசிரியரான கணக்காயர். பெற்றோர் உள்ளே வந்தால் பாடம் கெடும் என்று வேந்தரிடம் வாதாடி, ஈன்றோர் இதனைக் கடவற்க என்று பொறித்த அரசக் கல்லைப் பள்ளி வாயிலில் நடுவித்தவரும் அவரே. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு தாயும் அதைத் தாண்டவில்லை. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை!

இம்மாரியில் அவருடைய ஆசிரியர் நால்வரையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. கூரையைக் காற்று கொண்டுபோயிற்று. அறுபத்துமூன்று பிள்ளைகளோடு அவர் ஒருவரே நனைந்து நின்றார். வரும் அமாவாசைக்குள் பள்ளி நடவாவிடில் அவ்விடம் குதிரைப்படைக்கு லாயமாகும் என்பது நாட்டுச் சட்டம். இன்னும் நான்கே நாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படிப் பெற்றோர் வீடு வீடாக ஏறி இறங்கினார் அம்மனிதர். கூரை வேயத் தச்சரிடம் அரைநாள் கேட்டார். காலையில் ஒரு நாழிகை கணக்குச் சொல்லித்தர உப்பு வணிகரை வேண்டினார். கஞ்சி காய்ச்சித் தருமாறு குயத்தி சேந்தியை இரந்தார். முன்பு நோயுற்ற மகளைக் காண ஓடிவந்த சேந்தியைக் கல்லருகே தடுத்து நிறுத்தியவர் அவர்தாம். எவரும் மறுக்கவில்லை, அத்தனை பேரும் வந்து, அரச தண்டத்துக்கு அஞ்சிக் கல்லுக்கு இப்பால் நின்றுவிட்டனர். சேந்தி கஞ்சிப்பானையை அங்கேயே இறக்கி, நட்டவரே பிடுங்கும்வரை தன் கால் அதைக் கடவாது என்றாளாம்.

அறுபது வயதில் அவர் கடப்பாரை எடுத்தார். கல் அசைந்தது, அதற்குள் உம் காவலர் வந்து, அரசக் கல்லைத் திருடுகிறார் என்று அவரைக் கட்டி இழுத்துப் போயினர். சிறையிலிருந்து அவர் எமக்கு விடுத்த ஓலைநறுக்கில் தம் விடுதலையைக் கேட்கவில்லை. பிள்ளைகள் நனைகிறார்கள் என்று மூன்று முறை எழுதியிருந்தார். அதைப் படித்ததும் யாமே வேந்தரிடம் எடுத்துச் சென்றோம். அன்று அக்கல்லை நட இலச்சினை இட்ட கையும் இவ்வோலை எழுதும் எம் கையே.

ஆதலின், ஓலை கண்ட கணமே கோடனாரை விடுவிக்க. கல்லை உடைக்க வேண்டா. எழுத்து மேலே தெரியுமாறு பள்ளியின் வாயிற்படியாகப் பதிக்க. தாமதிப்பீராயின் அந்தப் படியைக் குதிரைகள் மிதிக்கும்.

நாரை இலச்சினை இட்டோம். இது வேந்தர் ஆணை: பெற்றோர் யாவரும் அக்கல்லை மிதித்தே உட்புகுக, முதற்கால் சேந்தியுடையதாகுக, கோடனார் கைகூப்பி அவளை உள்ளே அழைக்க.