தொடருக்கு லீவு விட்ட வாரம்

இஞ்சியோன்,
வியாழன் காலை

அன்புத் தம்பி கியூவொனுக்கு,

அக்கா ஹேரான் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? குளிருக்கு உள்ளே இரண்டாகப் போட்டுக்கொள்கிறாயா? அம்மா குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட்டு முடித்துவிட்டாள், முதுகு பிடித்துக்கொண்டு ஒரே முனகல். உன் பங்கைத் தனி டப்பாவில் போட்டு, அப்பா கைவைக்காதபடி பிரிட்ஜின் அடித்தட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

வழக்கமாக இணையத்தில் தட்டிவிடுகிறவள் இன்று ஏன் பேனா பிடித்தாள் என்று நினைப்பாய். நான் தட்டுவதை முகாம் அலுவலகத்தில் அச்செடுத்துத்தானே உன்னிடம் தருகிறார்கள்? அந்தத் தாளில் யார் எழுதினாலும் ஒரே எழுத்துதான். இதுவோ, கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று நீ கேலி செய்யும் என் கையெழுத்து. நன்றாகப் பார்த்துக்கொள்.

போனை ஒப்படைத்துவிட்டு ராணுவப் பயிற்சிக்குப் போன அன்று, அம்மாவைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? "அக்கா, புதன்கிழமை 'மூடுபனிக் குடியிருப்பு' வரும். ஒண்ணு விடாமப் படிச்சு எழுதிப் போடு, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாய். காமிக்ஸ் என்றாலே எனக்கு வேப்பங்காய். ஆனாலும் வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடியே போனில் படித்து, எல்லாவற்றையும் எழுதினேன். பனிக்குள் நிற்கும் அந்த உருவம் இந்த வாரம் யார் குரலில் கூப்பிட்டது, அதைக் கேட்டு யார் கதவைத் திறந்து போனார், மறுநாள் அவரைப் போலவே ஒன்று வந்து உட்கார்ந்து எப்படி ஒரு வார்த்தை பேசாமல் சோறு தின்றது என்று. உன் பக்கத்துப் படுக்கை தோயோப், "உங்க அக்கா எழுதுற கதைகிட்ட என் ஆளோட லவ் லெட்டர் பிச்சை வாங்கணும்டா" என்றானாமே. அதைப் படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தெம்பில்தான், ஓவியருக்கு உடம்பு சரியில்லை என்று தொடருக்கு லீவு விட்டபோது நானே ஒரு அத்தியாயத்தைக் கட்டினேன். இது என் சொந்தச் சரக்கு என்று உனக்கும் சொல்லித்தான் எழுதினேன். கதையை உங்கள் முகாமுக்கே கொண்டு வந்தேன். அங்கே குரல் கொடுத்தால் யார் வெளியே வருவார்கள்? அதனால் அது கடிதம் போடும் என்று வைத்தேன். அக்கா பெயரில் ஒரு கடிதம் வரும். ஞாயிற்றுக்கிழமை பின்வாசலுக்கு வா, அரிசிக் கேக் கொண்டு வருகிறேன், யாரிடமும் சொல்லாதே என்று இருக்கும். பையன் கிளம்புவான். அந்த இடத்தில் நிறுத்தினேன். கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து படித்துச் சிரித்ததாக எழுதியிருந்தாய்.

நேற்று தொடர் மறுபடி வந்துவிட்டது. ரயிலில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், குடியிருப்பையே காணோம். முகாம். அக்காவின் கடிதம். அரிசிக் கேக். அந்த அக்கா தம்பியைக் கூப்பிடுவதுகூட, நான் உன்னைக் கூப்பிடுவதுபோலவே, உருளைக்கிழங்கு என்று. உன் கூட்டாளி யாராவது ஓவியரிடம் சொல்லியிருப்பான் என்று முதலில் சமாதானப்பட்டேன். ஒருத்தனிடமும் போன் இல்லையே என்பது, இறங்க வேண்டிய நிலையம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. பின்வாசலுக்கு வெளியே பனியில் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். மஞ்சள் கோட்டு, காலரின் பின்பக்கம் பெரிய கறுப்புப் பொத்தான். அந்தக் கோட்டை நான் போன வாரம்தான் வாங்கினேன். இன்னும் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "காமிக்ஸ் படிச்சுப் படிச்சு உனக்கும் அவன மாதிரியே மூளை குழம்பிப்போச்சு. போய்ப் பூண்டை உரி" என்றாள். பூண்டு எடுக்க வாசலுக்குப் போனபோதுதான் தபால்பெட்டியில் கிடந்த உன் கடிதத்தைப் பார்த்தேன். "அக்கா, சனிக்கிழமை நீ போட்ட லெட்டர் கெடச்சுது. கதையில வந்த மாதிரியே கூப்பிடுறியே, உன் குறும்பு அடங்கவே அடங்காதா? இந்த ஞாயித்துக்கிழமை பின்வாசல்ல நிக்கிறேன். யாருகிட்டயும் சொல்லல" என்று எழுதியிருக்கிறாய்.

சனிக்கிழமை நான் எதுவும் எழுதவில்லை, கியூவொன்.

உடனே முகாமுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையான மனிதர். என் பெயரில் வருவதைத் தம்பியிடம் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சினேன். "அப்படியெல்லாம் நிறுத்த எங்களுக்கு உத்தரவு இல்லம்மா. நீங்க தினமும் எழுதுறதால பையன் சந்தோஷமாத்தானே இருக்கான்? இன்னிக்குக்கூட ஒண்ணு வந்திருக்கு" என்றார். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் நான் எழுதியதே கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்து இன்னும் கோணலாக இருப்பது அதனால்தான்.

நேரில் வந்து உன்னைத் தடுக்கலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வந்தால், அந்த வாசலில் நிற்கிற பெண்ணாக நானே ஆகிவிடுவேனே என்று திரும்பிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தியாயத்தின் கடைசிப் படத்தில் பையன் கையில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று அச்சடித்தது. மற்றது கையால் எழுதியது, நீலத்தாள். எது அக்காவுடையது என்று தெரியாமல் விழிக்கிறான். அதைப் பார்த்ததால்தான் வெள்ளைத்தாளுக்காக வீடு முழுவதும் தேடினேன். அப்பாவின் மேசையில் இந்த நீலத்தாள்தான் இருந்தது. கடைக்குப் போய் வந்தால் இன்றைய விரைவுத் தபால் போய்விடும்.

அதனால் உருளைக்கிழங்கு, இந்தக் கடிதத்தையும் நம்ப வேண்டாம். எந்தக் கடிதம் கூப்பிட்டாலும் வாசலுக்குப் போகாதே, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தோயோப்பின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திரு. அவன் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

கிம்ச்சி டப்பாவை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்கிறேன். பயிற்சி முடிந்து நல்லபடியாக வீடு வந்து சேர். வந்து, எப்போதும்போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிடு, அம்மா திட்டினால் திட்டட்டும். நீ பேசாமல் சாப்பிட்டால் என்னால் தாங்க முடியாது.

உன் அக்கா
ஹேரான்