கடைசிச் சார்ஜையும் கொடுத்தவனுக்கு

மாப்ள,

இன்று காலை பாண்டியம்மாள் அக்கா போன் செய்தார். திருவாதவூர்ப் பக்கம் பாறைக்குப் பின்னால் வயல் வைத்திருக்கும் அதே அக்காதான். குரல் விட்டு விட்டு வந்தது. "தம்பி, பழையபடி கேக்க மாட்டேங்குது... மக பேசுறது ஒண்ணுமே... நீங்க போட்டுவிட்டத எடுத்துட்டீகளா?" அதற்குள் கட்டாகிவிட்டது. விளாங்குடி வீட்டு வாசலில் போனைப் பிடித்தபடி நின்றேன். உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. செத்துப்போனவன்மேல் கோபப்படுவது வெட்டி வேலை என்று தெரிந்தும் வந்தது.

நாம் அங்கே முதன்முதலில் போன நாள் ஞாபகம் வருகிறது. டவர் பாறைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நிற்பவர்களின் போனில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிது. கல்லூரியில் பாடம் நடத்திய நேரம் போக நாம் இரண்டுபேரும் எழுதிய செயலியை அக்காவின் போனில் ஏற்றிவிட்டு நீ விளக்கினாய். "அக்கா, நீங்க ஒத்தையாக் கத்துனா பாறைக்கு அங்கிட்டுக் கேக்குமா? நடுவுல நானும் நின்னு, ரெண்டு பேரும் சேந்து கத்துனா கேக்கும்ல? அதத்தான் போனு செய்யப் போகுது."

அக்கா விடவில்லை. "உங்க போனு கத்துனாச் சரி. என் போனு அடுத்தவுகளுக்காகக் கத்துனா என் சார்ஜுல்ல போகும்?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அந்தக்கா கேட்டதுதான்டா கேள்வி" என்றாய். அந்த வாரமே ஒரு விதி எழுதிச் சேர்த்தாய். சார்ஜ் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால், போன் மற்றவர்களுக்கு உதவுவதைத் தானாக நிறுத்திவிடும். அப்படியும் ஊரில் பாதிப்பேர் தாங்கள் பேசும்போது மட்டும் செயலியைப் போட்டுக்கொண்டார்கள், பேசி முடித்ததும் அணைத்துவிட்டார்கள். வாங்கிக்கொள்ள எல்லாரும் தயார், கொடுக்கத்தான் ஆளில்லை. நான் கத்தினேன். நீ, "பழகிக்கிருவாக மாப்ள" என்றாய்.

அவர்கள் பழகும்வரை நீ கொடுப்பதென்று முடிவு செய்துகொண்டாய். சனிக்கிழமைதோறும் பழங்காநத்தத்திலிருந்து பஸ் ஏறிப் போய், பாறை ஓரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாய். அந்தப் பக்கம் வயலில் யார் பேசினாலும் உன் போன் வழியாகத்தான் டவருக்குப் போகும். உன் போனில் மட்டும் அந்த விதியை எடுத்துவிட்டதாக ஒருநாள் சொன்னாய்.

"கடைசி வரைக்கும் குடுத்தா எம்புட்டு நேரம் தாங்குதுன்னு பாக்கணும்ல?"

"லூசாடா நீ? ஒரு அவசரம்னா என்ன செய்வ?"

"எனக்கென்னடா அவசரம்?"

அந்த வார்த்தையை நீ சொல்லியிருக்க வேண்டாம்.

பிறகொரு சனிக்கிழமை, அதே மரத்தடியில், மதியத்துக்குமேல் உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. சுற்றிலும் ஆளில்லை. மோட்டார் போட வந்தவர் உன்னைப் பார்த்தபோது சாயங்காலமாகிவிட்டது. போன் உன் கையில் இருந்தது, உயிர் இல்லாமல். கட்டைவிரல் பவர் பட்டன்மேலேயே இருந்ததாம். ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, உன் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

துக்கத்துக்குப் பாண்டியம்மாள் அக்காவும் வந்திருந்தார். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி உன் மனைவியிடம் அழுதுகொண்டே சொன்னார். "புள்ளத்தாச்சிம்மா அவ. அன்னைக்கு மத்தியானம் அவகூட அம்புட்டு நேரம் பேசுனேன். பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி இருந்துச்சு. எல்லாம் அந்தத் தம்பி செஞ்ச புண்ணியம். பாதிப் பேச்சுல பொசுக்குனு கட்டாயிருச்சு. சரி, சிக்னலு போயிருச்சாக்கும்னு வீட்டுக்குப் போயிட்டேன்."

அந்தப் பேச்சு உன் போனின் கடைசிச் சார்ஜோடு கட்டானது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். உன் மனைவி என் பக்கம் திரும்பி, "காலையில முழுசா சார்ஜு போட்டுத்தானேண்ணே குடுத்துவிட்டேன். எப்புடித் தீந்துச்சு?" என்று கேட்டாள். "பழைய பேட்டரிம்மா" என்றேன்.

மறுநாளே எல்லாப் போனிலும் அந்தச் செயலி வேலை செய்யாதபடி நிறுத்திவிட்டேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இனி யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றிருந்தது. ஏன் நிறுத்தினேன் என்று அக்காவிடம் சொல்ல முடியாது. காரணத்தைச் சொன்னால் அவர் அதற்குப்பின் மகளோடு நிம்மதியாக ஒரு வார்த்தை பேசுவாரா? பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். மூன்று தடவை கட்டாகி, நான்காவதில் கிடைத்தார்.

"நாளைக்கு வாரேன்க்கா. மறுபடி போட்டுவிடுறேன்" என்றேன்.

போகிறேன். அந்த மரத்தடியில் நானும் உட்காருவேன். ஆனால் என் போனிலிருந்து அந்த விதியை எடுக்க மாட்டேன். எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உனக்கும் இருந்தார்கள், மாப்ள. உன்னைப் போல என்னால் முடியாது, எனக்கு அதில் வெட்கமும் இல்லை.

அக்கா மகளோடு பேசட்டும். அன்றைக்கு யாருடைய உயிரில் பேசினார் என்பது என்னோடு போகட்டும்.