கிடைக்காத வேலைக்குப் போட்ட மொட்டை

மொட்டைத் தலையோடு போய்ச் சேர்ந்த என் அருமை அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? அங்கே முடி வளர்ந்துவிட்டதா? இங்கே தம்போய் வீட்டில் நானும் அம்மாவும் நலம். லாரிப் பட்டறையில் உங்கள் இடத்துக்கு ஓர் ஆள் வந்துவிட்டார். அவர் எடுத்த ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைப்பதே இல்லை என்று முதலாளி வீடு தேடி வந்து அம்மாவிடம் புலம்பினார். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று சொல்கிறேன்.

இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து கேளுங்கள். அப்பா, அன்றைக்கு எனக்கு வேலை கிடைக்கவில்லை.

சமூகவியல் பட்டம் வாங்கிவிட்டு ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நேர்முகத்துக்குப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "இத படிச்சா என்ன வேலை செய்வாங்க?" அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அவர்களிடமே போயிருந்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்க்கும்போதெல்லாம், "பேசாம சிங்கப்பூர் போ லா, அங்க கோப்பி கலக்குனாலே இங்க மேனேஜர் சம்பளம்," என்பார். நீங்கள் மட்டும் பட்டறைக்கு வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம், "எம்பொண்ணு மனுசங்களப் பத்திப் படிச்சிருக்கா. எஞ்சின விட அது கஷ்டம்," என்று பெருமையடித்துக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் பிரேக்கைப் பார்க்கச் சொன்னார்கள்.

ஒரு நாள் மாலை ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இரண்டாவது நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே, "என்னவாம்?" என்று கேட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் என் வாய், "கிடைச்சிருச்சுப்பா," என்றது. எப்படியும் கிடைத்துவிடும், கொஞ்சம் முன்னாலேயே சொன்னால் என்ன என்ற நினைப்பு.

அரை மணி நேரத்தில் குளுவாங் அத்தை வரைக்கும் சேதி போய்விட்டது. அதன் பிறகுதான் நீங்கள் குண்டைத் தூக்கிப் போட்டீர்கள். "முருகன்கிட்ட வேண்டியிருந்தேம்மா. ஒனக்கு வேலை கிடைச்சா தைப்பூசத்துக்கு மொட்ட போடறேன்னு."

பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் என் பொய் உண்மையாகிவிடும் என்று நம்பினேன். அந்த நேர்முகத்துக்கும் போய்வந்தேன். பூசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வருந்துகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. சொல்லலாம், சொல்லலாம் என்று அந்த மூன்று நாளும் ஓடிவிட்டன. கோயிலில் நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்தீர்கள். தலையில் தண்ணீர் தெளித்தார்கள். இனியும் பொறுக்க முடியாது என்று நான், "அப்பா..." என்று ஆரம்பித்தபோது பாதித் தலை வழித்தாகிவிட்டது. நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "அழாதம்மா, முடிதானே, வளந்துரும்," என்றீர்கள். பாதி மொட்டையில் இருக்கிற மனிதரிடம் எந்த மகள் உண்மையைச் சொல்வாள்? சொன்னால் மீதியை என்ன செய்வது?

அடுத்த வாரமே தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டதாரி என்றால் எடுக்கமாட்டார்கள், சீக்கிரம் ஓடிவிடுவாளாம். அதனால் பள்ளியிறுதி ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பை முடித்துப் பாரத்தில் எழுதிக் கொடுத்தேன். காலையில் ஆபிஸ் பெண்களைப் போல நீளச் சட்டையும் பாவாடையுமாக பாஜு கூரோங் உடுத்தி அதிகாரியாக வீட்டை விட்டுக் கிளம்புவேன். வழியில் பெட்ரோல் நிலையக் கழிப்பறையில் தொழிற்சாலைச் சட்டைக்கு மாறுவேன். மாலையில் மறுபடியும் அதிகாரி. அந்தக் கழிப்பறையைக் கூட்டிக் கழுவுகிற அக்கா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "ஏம்மா, ஒனக்கு என்ன ரெண்டு வீட்டுக்காரரா?" என்று கேட்டே விட்டார்.

ஒருமுறை என் விரலில் இருந்த வெட்டைப் பார்த்து, "ஆபிஸ்ல கூட இப்படிக் கிழிக்குமா?" என்றீர்கள். "பைலு கிழிச்சிருச்சுப்பா," என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டீர்கள். முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய கை உங்களுடையது. எந்தக் காயம் எதனால் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா, அப்பா?

அதைக் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். பட்டறையில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சீப்பு வைக்கிற அளவுக்குக்கூட உங்களுக்கு முடி வளர்ந்திருக்கவில்லை. குளிப்பாட்டும்போது அந்தக் கட்டை முடியைத் தடவிப் பார்த்தேன். அழுகையை விட வெட்கம்தான் எனக்கு அதிகமாக வந்தது. அதற்கப்புறமும் அம்மாவுக்காக பாஜு கூரோங் வேஷத்தைத் தொடர்ந்தேன்.

இனி நல்ல சேதி. இப்போது நிஜமாகவே வேலை கிடைத்திருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளிகள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று வீடு வீடாக, விடுதி விடுதியாகப் போய்ப் பேசி எழுதுகிற ஆராய்ச்சிக் குழு. ஒரு வருஷ ஒப்பந்தம். நேர்முகத்தில் ஓர் அம்மா, "தொழிற்சாலையப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். படிப்பை மறைத்தது, உடை மாற்றியது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "முதல்லேருந்து இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார். சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். ஓவர்டைம் சேர்த்தால் பேக்கிங்கில் இதைவிட நன்றாகவே கிடைத்தது. மோட்டார் சைக்கிள் தவணையும் வீட்டுச் சாமானும் போக என்ன மிஞ்சும் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன்.

முந்தாநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். அடி விழும் என்று பார்த்தால், "அப்ப அந்த மொட்ட?" என்றார்.

"எந்த மொட்டம்மா?"

"அப்பா போட்டாரே, அது எதுல சேத்தி? கெடைக்காத வேலைக்குப் போட்டாச்சு. இப்ப கெடைச்ச வேலைக்கு யாரு போடறது?"

"முருகன அத முன்பணமா வச்சுக்கச் சொல்லும்மா."

"அலமாக், சாமிகிட்டயே பேரம் பேசுது பாரு!"

போன வருஷம் துக்க வீடு, கோயில் திருவிழாவுக்குப் போகக் கூடாது. இந்த வருஷம் அந்தச் சாக்கும் இல்லை. "நானே போட்டுக்கறேன்," என்றேன். அம்மா பதறிவிட்டார். ஆபிஸ் போகிற பெண்ணாம், கல்யாணம் ஆகாதவளாம், மண்டை வேறு ஒழுங்கான வடிவில் இல்லையாம். திட்டிக்கொண்டே வந்தவர் மாவுக் கையோடு என் முடியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மொட்ட போட்டா அப்படியே ஒங்கப்பாதான்டி."

உங்கள் கருமாதிக்குப் பிறகு அம்மா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் அழுதேன். இடியாப்பம் பிழியவே இல்லை, இரண்டு பேரும் ரொட்டி சானாய் வாங்கிச் சாப்பிட்டோம்.

மகன் ஒருவன் இருந்திருந்தால் உங்கள் காரியத்தன்றே உங்களுக்காக மொட்டை போட்டிருப்பான். மகள் என்பதால் என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தைப்பூசம் முடிந்த மறு வாரம் வேலையில் சேர்கிறேன். முதல் நாளே அலுவலக அட்டைக்குப் படம் எடுப்பார்களாம். முக்காடு போடமாட்டேன், தொப்பி வைக்கமாட்டேன், உங்கள் முகத்தோடுதான் போய் உட்காருவேன். முருகனுக்குச் சேர வேண்டிய மொட்டைதான். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. இது சத்தியம் அப்பா, இந்த முறை நிஜமான சத்தியம்.

உங்களுக்கு மகனாகவும் இருந்துவிட்டுப் போகிற
உங்கள் பொய்க்கார மகள்,
புவனா