மாடியறையிலிருந்து சுமதி அக்காவுக்கு

என் பிரியமான சுமதி அக்காவுக்கு,

நீங்கள் படுத்திருந்த கட்டிலில் இப்போது நான் படுத்திருக்கிறேன். எனக்கும் சிகிச்சை செய்து கரு வைத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ். அத்தை கீழே நம் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் பெண்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். மூத்த மருமகள் நீங்கள் உண்டானபோதும் அப்படித்தானே கொடுத்தார்?

அன்றிலிருந்து படி இறங்கத் தடை. நடமாடலாம் என்றுதான் டாக்டர் சொன்னார், யார் கேட்கிறார்கள்? கீழே ஓவர்லாக் தையல் மிஷின் ஓடினால் கட்டில் அதிர்கிறது என்று அத்தை சொன்னதும், உங்கள் கொழுந்தனார், அதுதான் என் வீட்டுக்காரர், மறுபேச்சில்லாமல் மிஷின்களை ராயபுரத்துக்கு மாற்றிவிட்டார். இத்தனை அன்புக்கு நடுவில் எனக்கு மூச்சு முட்டுகிறது அக்கா.

உங்களுக்கு ஒரு பக்கம் வலித்தபோது, "கரு ஒட்டுற வலிதான் கண்ணு, அசையாம படு" என்றார் அத்தை. உள்ளே ரத்தம் கசிந்ததால் வந்த தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டார். கருப்பையில் வைத்த கரு சில சமயம் கருக்குழாய்க்குள் போய் வளரும் என்று இந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? குழாய் வெடித்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டி, நீங்கள் மயங்கிய பிறகுதான் காரை எடுத்தார்கள். கரு குலுங்கக் கூடாதென்று அப்போதும் மெதுவாகத்தான் ஓட்டினார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

இன்று காலையிலிருந்து எனக்கு இடப்பக்கம் வலிக்கிறது. சாதாரண வலியாகவும் இருக்கலாம்.

"ஏனுங்க, ஸ்கேனுக்குப் போலாமுங்க" என்றேன் இவரிடம்.

அதற்குள் அத்தை அழத் தொடங்கிவிட்டார். "மூத்தவளக் கார்ல போட்டுக் குலுக்குனதுலதான் போயிட்டா கண்ணு. உன்னையும் ரோட்டுக்குக் குடுக்க மாட்டேன். ஊட்ட விட்டு ஒரு அடி வெக்காத."

"அம்மா அழுவுது கலா. ரெண்டு நாள் பாப்பமே" என்றார் இவர்.

அத்தை கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். என் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறவரை என்ன செய்வது? நீங்களும் அதனால்தான் வாயைத் திறக்கவில்லையா?

நானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். தாமதிக்காமல் வரச் சொன்னார்கள். ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை இதை எழுதுகிறேன். அத்தை கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கரு தங்குமோ தங்காதோ, நான் உயிரோடு திரும்பி வருவேன். வந்து, உங்களைக் கொன்றது ரோடு இல்லை என்று அத்தையிடம் என் வாயால் சொல்வேன்.

இந்த வீட்டுக்கு உங்களுக்குப் பின்னால் வந்த ஓரகத்தி,
கலா