சம்மதம் என்று எழுதிவிட்டேன்

மில்ப்ரூக், ஒஹாயோ
பதினொன்றாம் மாதம் 9, 1987

அன்புள்ள வெண்டெல்,

உன் மகள் வீட்டு வெயில் உன் முழங்காலுக்கு இதமாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

பாதிரியார் இல்லாத நம் நண்பர் சபையில், கூட்டத்தை நடத்தி முடிவை எழுதும் எழுத்தராக என்னை நிறுத்திவிட்டுப் போனவன் நீ. "ஓட்டெல்லாம் எடுக்காத லைல். எல்லாரையும் பேச விடு. மனசுங்க ஒண்ணு சேர்ற இடத்தை எழுதி, சத்தமாப் படி. அவ்வளவுதான்" என்றாய். அவ்வளவுதானா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வீடிழந்த ஒரு தாயையும் அவளுடைய இரண்டு குழந்தைகளையும் குளிர்காலம் முடியும்வரை சபைக் கட்டடத்தின் பின்னறையில் தங்கவைக்கலாமா என்பது முதல் ஞாயிறன்று வந்த கேள்வி. என் மனைவி மேவிஸ் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்த அதே அறை. எட்டுப் பேர் ஆதரித்துப் பேசினார்கள். கோரா பிக்கெட் மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தாள். 'சபை முழுமனதாகச் சம்மதிக்கிறது' என்று எழுதி வாசித்தேன். யாரும் மறுக்கவில்லை. செவ்வாயன்று குடும்பம் வந்துவிட்டது. நேற்று வழிபாட்டுக்குக் கோரா வரவில்லை. நாற்பது வருடத்தில் அவள் வராத ஞாயிறு எனக்கு நினைவில்லை.

நூலகத்தில் நடக்கும் தலைமைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதே. கட்டளையிடுபவர், பயிற்றுவிப்பவர், கலந்து பேசுபவர், தொண்டு செய்பவர் என்று தலைவர்கள் நான்கு வகையாம். நாற்பது கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். நான்கிலும் பத்துப் பத்து. வகுப்பெடுக்கும் பெண், "இப்படி வரவே வராதே மிஸ்டர் ஹின்ஷா! மறுபடி போடுங்க" என்றாள். மறுபடியும் அதேதான்.

நான் எந்த வகை, வெண்டெல்? கோராவிடம் என்ன தவறு செய்தேன்?

குழப்பத்துடன்,
லைல்


டூசான்
பதினொன்றாம் மாதம் 16

லைல்,

நாற்பது பதில்களையும் பென்சிலால் எழுதி அழித்து, மறுபடி எழுதியிருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை?

பத்தொன்பது வருடம் நான் எழுத்தராக இருந்தேன். எந்த வகை என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுப்பு இருப்பவர் வாயைத் திறப்பார். திறக்காவிட்டால் சம்மதம். அப்படித்தான் எழுதினேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை. கோரா தானாக வருவாள். அவள் வீட்டுக் கதவைப் போய்த் தட்டாதே. உன்னை அசைத்துவிடலாம் என்று சபைக்குத் தெரிந்துவிடும்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

வெண்டெல்


மில்ப்ரூக்
பதினொன்றாம் மாதம் 23

அன்புள்ள வெண்டெல்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு வெள்ளிக்கிழமை போய்க் கோராவின் கதவைத் தட்டினேன்.

"மறுப்பு இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, கோரா."

"நீ என்னைக் கேட்டியா? கடிகாரத்தையில்ல பாத்துக்கிட்டிருந்தே!"

"பேசாம இருந்தியே..."

"அந்தப் பின்னறையில குளிக்க இடம் இருக்கா? ரெண்டு பிள்ளைங்க, லைல்! என் வீட்டு மாடி சும்மாத்தானே கிடக்கு. அதைச் சொல்லத்தான் வார்த்தை தேடிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள நீ படிச்சே முடிச்சுட்டே. அப்புறம் எந்த முகத்தோட அந்தப் பிள்ளைங்களைப் பாக்க வர்றது?"

பதினெட்டு நாள் அந்தக் குழந்தைகள் வாளித் தண்ணீரில் முகம் கழுவியிருக்கிறார்கள். சனிக்கிழமை அவர்கள் கோராவின் மாடிக்குக் குடிபோனார்கள். நேற்றுச் சபையில் எழுந்து, "நான் தப்பா எழுதிட்டேன்" என்று சொல்லி, அந்தக் குறிப்பை எல்லோர் முன்பும் கோடிட்டு அடித்தேன். பிறகு ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, இந்த மாற்றம் சம்மதமா என்று கேட்டேன். இது வளர்ச்சியா, வெறும் தாமதமா என்று தெரியவில்லை. நூலக வகுப்பின் கேள்வித்தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். பதினான்கு வருடத்துக்கு முன், மூன்று குழந்தைகள்தான் மிச்சம் என்று மேவிஸின் வகுப்பை நிறுத்தக் குறிப்பெழுதி வாசித்தாய். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சம்மதமில்லை, வெண்டெல். நானும் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். காரில் வரும்போது மேவிஸ், "நீயாவது சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றாள். அப்புறம் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. அவள் போய் ஆறு வருடமாகிறது. என் கோபம் உன் மேலா, என் மேலா என்று இன்றும் பிரித்தெழுத வரவில்லை.

இதைப் படித்த பிறகும் நாம் பழையபடிதானா? நீ பதில் எழுதாவிட்டால், 'ஆம்' என்று நான் எழுதிக்கொள்ள மாட்டேன். பெயர் சொல்லிக் கேட்கிறேன், வெண்டெல்.

காத்திருக்கும்,
லைல்