பதில் வராத போன்

அக்டோபர் 6, திங்கள்

பாப்பு, நீ செய்து கொடுத்த ஆப்பை நம் நடவு ஆட்களில் இரண்டு பேர் இன்றைக்கு அழித்துவிட்டார்கள். போன் மடியில் கொதிக்கிறதாம். மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறதாம். கொளஞ்சி வரப்பில் நின்றுகொண்டு, "மூடினாலும் உள்ள ஓடிக்கிட்டேதான் கெடக்குதுக்கா. உம்பொண்ணு மாதிரியே, சும்மா ஒக்காராது" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் ஆப்பை விடமாட்டேன். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தால் எங்களுக்கு முதலில் மணி அடிப்பது அதுதான்.

அக்டோபர் 8, புதன்

சிதம்பரம் போய், உன்கூடப் படித்த பிரீதாவிடம் சொன்னேன். பார்க்கிறேன் என்றாள்.

அக்டோபர் 11, சனி

பிரீதா பார்த்துச் சொன்னாள். ஆப்பை மூடினாலும் உள்ளே வேலையாள் மாதிரி சிலது ஓடுமாம். த்ரெட் என்று பேர். ஒன்று தண்ணீர்ச் சேதி பார்க்கும். ஒன்று, நாங்கள் எந்த வயலில் நிற்கிறோம் என்று உன் போனுக்குச் சொல்லும். காய்ச்சலில் நீ போனதிலிருந்து உன் போன் அணைந்து கிடக்கிறது. பதில் வராமல் அது தட்டிக்கொண்டே இருக்கிறதாம். போதும், நிறுத்து என்று நீ எழுதவே இல்லையாம்.

"அவ போன் எப்பவும் ஆன்லதான இருக்கும்மா. அதான் எழுதல" என்றாள் பிரீதா.

ஏண்டி, நீ போயிடுவேன்னு நெனக்கவே இல்லியா?

அக்டோபர் 12, ஞாயிறு

அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

உள்ளே ஓடுவதை எல்லாம் பிரீதா வெடுக்கென்று நிறுத்திப் பார்த்தாள். நம் நடவு ஆள் கனகாம்பாள், இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று ஆப்பில் அனுப்பிய சேதி பாதியில் அறுந்து, அவளுக்காக ஆள் ஏற்றும் வண்டி காத்துக் கிடந்தது.

"கையில இருக்குற நாத்து முடிய நட்டுட்டுதான் எங்காளுங்கள கரையேறச் சொல்லுவேன். உள்ள ஓடுற அதுங்களுக்கும் அப்புடிச் சொல்லு" என்றேன்.

"அதேதாம்மா. சொல்லிட்டு, கடைசி ஆளு ஏறுற வரைக்கும் நின்னு மூடணும். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்." போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "காயத்ரி போனுக்குப் போறத என்னம்மா பண்ண? அவ போன ஆன் பண்ணி வெச்சாலும் சூடு நின்னுடும்."

உன் போனை எடுத்துத் துடைத்தேன். திரும்ப பீரோவில் வைத்தேன்.

"நிறுத்திடு" என்றேன். தண்ணீர் பார்ப்பது மட்டும் இருக்கட்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

போன்கள் குளிர்ந்து கிடக்கின்றன. அழித்தவர்களும் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். மத்தியானம் எல்லா மடியிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. "காயத்ரி கூப்புடுறா, ஏறுங்கடி!" என்று கத்தினாள் கொளஞ்சி. எல்லாரையும் கரையில் ஏற்றிவிட்டு நான் கடைசியாக ஏறினேன். கொஞ்ச நேரத்தில் நாங்கள் நட்ட வயல் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை.

முன்பெல்லாம் நாங்கள் ஏறியதை உன் போனில் பார்த்து உடனே கூப்பிடுவாயே. இன்றைக்கு நாங்கள் கரையேறியது உனக்கு எப்படித் தெரியும், பாப்பு?