அத்திம்பேரின் விரலும் தர்ஷினியின் பெட்டியும்

9 ஜூன் 2003, திங்கள்

இன்று முதல் இதில் நான் எழுதப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒரு ஜீவன் நம்பாது என்று பஞ்சபூதங்கள் சாட்சியாகப் பிரதிக்ஞை செய்கிறேன்.

மாரடைப்பு வந்த அத்திம்பேர் கோதண்டராமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இன்று தனி அறைக்கு மாற்றினார்கள். பிரேசர் டவுனில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரி மைசூர் அரண்மனையைவிடப் பெரியது. கேண்டீன் இட்லி, அந்த அரண்மனைத் தூணில் ஒன்றை அறுத்துச் செய்தது.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெட்டி. அதிலிருந்து வரும் ஒயரின் நுனியில் ஒரு கிளிப். அது அத்திம்பேரின் வலது கை விரலைக் கவ்விக்கொண்டிருக்கிறது. நாடி தப்பினால் பெட்டி கத்த வேண்டும். மாலையில் கத்தியது. கத்திய கத்தலில் கப்பன் பார்க் காக்கைகள் மொத்தமும் ஓசூருக்குக் குடிபெயர்ந்துவிட்டன. சிஸ்டர் வனஜா ஓடி வந்தாள். அம்புஜம் அக்கா அழுதாள். அத்திம்பேரோ கண்ணை மூடி, போர்வைக்குள் கை வைத்துப் படுத்திருந்தார். என்ன செய்கிறது என்று எத்தனை முறை கேட்டும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, காபி உண்டா என்றார்.

10 ஜூன்

காலையிலும் மாலையிலும் அதே கூத்து. காலையில் சிஸ்டர் வேகமாக நடந்து வந்தாள். மாலையில் மெதுவாக நடந்து வந்தாள்.

11 ஜூன்

மர்மம் துலங்கியது. பெட்டி அலறிக்கொண்டிருக்கும்போதே போர்வையைத் தூக்கிவிட்டேன். காயத்ரி ஜபம்! கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணும் கை வெளியே தெரியக் கூடாது, நடுவில் பேசக் கூடாது. இடது கையில் டிரிப் ஊசி. எனவே கிளிப்பும் வலது கையில், ஜபமும் வலது கையில். விரல் ஆட, கிளிப் ஆட, பெட்டிக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

வீட்டுக்குப் போகும்வரை ஜபத்தை நிறுத்தி வைக்கும்படி கெஞ்சினேன்.

"பூணல் போட்ட நாள்லேர்ந்து விட்டதில்ல. ஒரு கிளிப்புக்காக விடுவேனாடா?"

சிஸ்டர் இன்று வரவேயில்லை. வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கத்தலை நிறுத்தும் பட்டனை அமுக்கும்படி எனக்குச் சைகை காட்டினாள். நாளைக்கு நிஜமாகவே ஏதாவது ஆனால்? யார் வருவார்கள்?

12 ஜூன்

அக்காவின் மகள் தர்ஷினி, பொம்மனஹள்ளியில் மருத்துவக் கருவி செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். இன்று வேறு பெட்டி கொண்டுவந்து மாட்டிவிட்டாள். பரிசோதனைக்கு டாக்டர் மஞ்சுநாத் சம்மதித்துவிட்டாராம். அலறும்போதெல்லாம் சிஸ்டர் வந்து பார்த்து, 'நிஜம்', 'பொய்' என்ற இரண்டு பட்டன்களில் ஒன்றை அமுக்க வேண்டும். அதை வைத்து நோயாளியின் வழக்கங்களைப் பெட்டி தானே கற்றுக்கொண்டு, வீண் கத்தலைக் குறைத்துக்கொள்ளுமாம். நாடி அடியோடு இறங்கினால் மட்டும் வழக்கம் கிழக்கம் பார்க்காமல் கத்துமாம்.

வாயை மூடக் கற்றுக்கொள்வதற்குப் பெயர் படிப்பா? டெலிபோன் இலாகாவில் அப்படிப் படித்தவர்களெல்லாம் எனக்கு மேலதிகாரி ஆனார்கள். இதில் ஏதோ இருக்கிறது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டும்.

15 ஜூன், ஞாயிறு

மாலை ஜபம் முழுதும் பெட்டி மூச்சு விடவில்லை. அக்காவுக்கு ஆனந்தம், தர்ஷினிக்குப் பெருமை. எனக்குத்தான் திகில். சமர்த்தாக இருக்கிறதா, செத்துவிட்டதா? அத்திம்பேரின் மூக்கருகே என் காதை வைத்துப் பார்த்தேன். ஜபத்தின் நடுவில் பேச முடியாததால் கண்ணாலேயே என்னைச் சுட்டெரித்தார். சாம்பலாகித்தான் வீடு திரும்பினேன்.

வழியில் தர்ஷினியிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "மாமா, நீ ஒரு நாளைக்கு நூறு அலாரம் அடிக்கற. எது நிஜம், எது டூப்புன்னு நாங்க பழகிக்கலையா? அதையேதான் அதுவும் பண்றது."

என்னைப் போய் ஒரு பெட்டிக்கு உதாரணம் சொல்கிறாள்! இந்த அவமானத்துக்குப் பழி வாங்காமல் விடமாட்டேன்.

17 ஜூன்

நல்ல சந்தர்ப்பம். அத்திம்பேரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள், அக்காவும் கூடவே. கிளிப் சும்மா கிடக்கிறது. எடுத்து என் இடது கை விரலில் மாட்டிக்கொண்டேன். வலது கையால் இதை எழுதுகிறேன். ஆடவில்லை, அசங்கவில்லை. கல்லில் வடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

கத்துகிறது! ஆயிரம் யானை பலம் கொண்ட என் நாடி முப்பத்தாறாம்! 'பொய்' என்ற பட்டனை நானே ஓங்கி அமுக்கினேன். மறுபடியும் கத்துகிறது. மாட்டிக்கொண்டாயா, பொய்க்காரப் பெட்டியே. இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி உன்னைப் பொம்மனஹள்ளிக்குத் திருப்பி அனுப்பாவிட்டால்—

வனஜா ஓடி வருகிறாள். ஓடி வருகிறாளே, ஏன்? கட்டிலில் நோயாளியே இல்லையே. சிரித்துக்கொண்டே கிளிப்பைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

"சார், எழுதறத நிறுத்துங்க. ஸ்வல்ப படுங்க."

18 ஜூன்

படுத்திருக்கிறேன். அத்திம்பேரின் அறையில் அல்ல. எனக்கென்று தனிக் கட்டில்.

22 ஜூன், ஞாயிறு

இதயத்துக்குள் மின்சாரம் போகும் வழியில் தடையாம். தலை சுற்றியதுண்டா, கண் இருட்டியதுண்டா என்று டாக்டர் மஞ்சுநாத் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"சொல்லிண்டேதான் இருந்தான் டாக்டர். படியேறினா பூமி தலைகீழாப் போறதும்பான். இவன் சொல்றதுல எதன்னு நம்பறது?"

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

நெஞ்சில் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி வைத்துத் தைத்துவிட்டார்கள். இதயம் ஒழுங்காக அடிக்கும்வரை அது சும்மா இருக்குமாம். ஒரு துடிப்பு தவறினால் தானே அடித்துக்கொடுக்குமாம். என் பரம்பரைச் சந்தேகம் உடனே தலைதூக்கியது. சும்மாவே இருந்தால், உள்ளே வேலை செய்கிறதென்று எப்படித் தெரிந்துகொள்வது?

"நீங்க உக்காந்து என்னைக் கேள்வி கேக்கறீங்க இல்ல? அதான் சார்" என்றார் டாக்டர்.

24 ஜூன்

நாளைக்கு வீடு. அத்திம்பேர் முந்தாநாளே போய்விட்டார்.

தர்ஷினி அக்காவையும் அழைத்துக்கொண்டு மடிக்கணினியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பெட்டியில் பதிவான என் நாடியைத் தன் அப்பாவுடையதிலிருந்து பிரித்து வைத்துவிட்டாளாம். ஆனால் அன்றைக்கு நான் 'பொய்' என்று அமுக்கியது அப்படியே நிற்கிறதாம். அதை அவள் மாற்றக் கூடாதாம். பக்கத்தில் இருந்தவர் சொல்லி, சிஸ்டர்தான் மாற்ற வேண்டும் என்பது பரிசோதனையின் விதியாம். பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்தான்.

வனஜா மடிக்கணினி விசைமேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எமதர்மனோடு மல்லுக்கட்டியதைப் பற்றி நான்கு வரி சொல்லத்தான் தொண்டையைச் செருமினேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சிரிக்கத் தயாராகக்கூட இல்லை.

"நிஜம்" என்றேன்.

இத்தனை பக்கங்களிலும் நான் அளக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.